எந்த அளவுக்கு நம்புவது?

2006 அக்டோபரில் லண்டனிலுள்ள ராயல் இன்ஸ்டிட்யூஷன் கொஞ்சம் விளையாட்டாக ஒரு கேள்வியைக் கையில் எடுத்தது: இதுவரை வந்த அறிவியல் நூல்களிலேயே சிறந்தது எது? போட்டியில் டார்வினின் கடற்பயண நூல் இருந்தது. டாக்கின்ஸின் ‘சுயநல மரபணு’ இருந்தது. விலங்குகளின் நடத்தையை ஆராய்ந்த கொன்ராட் லோரன்ஸ் இருந்தார். டாம் ஸ்டாப்பார்டின் ‘ஆர்கேடியா’ என்ற நாடகம்கூட இருந்தது. வென்றது பிரிமோ லெவி என்ற இத்தாலிய எழுத்தாளர் 1975இல் வெளியிட்ட ‘தனிம அட்டவணை’.

அந்த நூலைப் படித்து யாரும் வேதியியல் தேர்வில் பாஸாக முடியாது. அதில் 21 அத்தியாயங்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு தனிமத்தின் பெயர். ‘ஆர்கான்’ என்ற முதல் அத்தியாயம், பியெத்மோந்து பகுதியில் வாழ்ந்த லெவியின் யூத முன்னோர்களையும் அவர்கள் வீட்டுக்குள் பேசிய கலப்பு மொழியையும் பற்றியது. ‘இரும்பு’, மலையேறும் நண்பன் ஒருவனுக்கு எழுதப்பட்ட அஞ்சலி. பாசிசத்தை எதிர்த்துப் போராடிய அவன் கொல்லப்பட்டான். ‘சீரியம்’ ஆஷ்விட்ஸ் வதைமுகாமில் நடக்கிறது. ‘ஈயம்’, ‘பாதரசம்’ இரண்டும் முழுக்கக் கற்பனைக் கதைகள். கடைசி அத்தியாயத்தின் நாயகன் ஒரு கார்பன் அணு. லெவியே அங்கே சொல்லிவிடுகிறார்: இது வேதியியல் நூல் இல்லை, தன்வரலாறும் இல்லை, ஒரு தொழிலின் சிறு வரலாறாக வேண்டுமானால் வைத்துக்கொள்ளலாம் என்று.

இந்த மாதிரி நூல்கள் ஏன் நம்மைப் பிடித்துக்கொள்கின்றன? வழக்கமாகக் கிடைக்கும் பதில் புதுமை. எனக்கு அது போதவில்லை. ஆங்கிலத்தில் லாரன்ஸ் ஸ்டெர்ன் 1759 முதல் 1767 வரை பகுதி பகுதியாக வெளியிட்ட ‘டிரிஸ்ட்ரம் ஷாண்டி’யில் ஒரு பக்கம் முழுக்கக் கறுப்பு மை பூசப்பட்டிருக்கிறது. கதாநாயகன் பிறந்து முடிக்கவே பல நூறு பக்கங்கள் ஆகின்றன. வித்தைகள் எல்லாம் அப்போதே அரங்கேறிவிட்டன. புதுமை ஒருமுறைதான் வேலை செய்யும். லெவியை மூன்றாம் முறை எடுத்துப் படிப்பவரிடம் அது எடுபடாது.

‘குரோமியம்’ அத்தியாயத்தைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்க்கலாம். பெயின்ட் தொழிற்சாலை ஒன்றின் சாப்பாட்டு மேசையில் பேச்சு தொடங்குகிறது. பழைய வார்னிஷ் செய்முறைக் குறிப்பு ஒன்றில், ஆளிவிதை எண்ணெய் கொதித்து முடியும் தறுவாயில் இரண்டு துண்டு வெங்காயம் போடச் சொல்லியிருக்கிறது. வார்னிஷுக்கு வெங்காயம் எதற்கு? தொழிலில் தனக்கு மூத்த முதியவர் ஒருவர் சொல்லித்தான் லெவிக்கு விஷயம் தெரிந்திருக்கிறது. தெர்மாமீட்டர் இல்லாத காலத்தில் எண்ணெயின் சூட்டை வெங்காயம் வறுபடுவதைப் பார்த்துத்தான் கணித்தார்கள். (பஜ்ஜிக்கு எண்ணெய் காய்ந்ததா என்று ஒரு சொட்டு மாவை விட்டுப் பார்க்கும் எவருக்கும் இது உடனே புரியும்.) தெர்மாமீட்டர் வந்தது, வெங்காயம் போகவில்லை.

பிறகு லெவி தன் கதைக்கு வருகிறார். போர் முடிந்து ஆஷ்விட்ஸ் முகாமிலிருந்து திரும்பிய புதிதில், ஏரிக்கரையிலிருந்த பெயின்ட் தொழிற்சாலை ஒன்றில் அவருக்கு வேலை கிடைக்கிறது. வளாகத்தின் ஒரு மூலையில் ஆரஞ்சு நிற பெயின்ட் கட்டி கட்டியாகக் குவிந்து கிடக்கிறது. துருவைத் தடுப்பதற்காகத் தயாரித்த பெயின்ட், ஈரல் மாதிரி உறைந்துபோய்விட்டது. காரணத்தைக் கண்டுபிடிக்கும் வேலை லெவியிடம் வருகிறது. மூலப்பொருளைச் சோதித்த அட்டைகளைப் புரட்டுகிறார். எல்லாவற்றிலும் ஒரே முடிவு, சொல்லிவைத்தாற்போல் சரியான அளவு. அதுவே அவருக்கு உறுத்துகிறது. சோதனை முறையைப் பார்த்தால், ஒரு கரைசலை 23 சொட்டு விட வேண்டும் என்றிருக்கிறது. அந்தச் சோதனைக்கு அது எக்கச்சக்கம். பழைய அட்டையைத் தேடி எடுத்தால் அதில் இருப்பது ‘2 அல்லது 3 சொட்டு’. படியெடுத்தவர் நடுவிலிருந்த சொல்லை விட்டுவிட்டார். கெட்ட சரக்கெல்லாம் நல்ல சரக்கென்று சான்றிதழ் வாங்கிக்கொண்டு உள்ளே போயிருக்கிறது.

அமோனியம் குளோரைடு சேர்த்தால் உறைந்த பெயின்ட் இளகும் என்று லெவி ஊகிக்கிறார், இளகுகிறது. இனிமேலும் இப்படி ஆகாமலிருக்க அதைத் தயாரிப்பிலேயே சேர்க்கச் சொல்லிவிட்டு வேலையை விட்டுப் போகிறார். பல ஆண்டுகள் கழித்து அதே சாப்பாட்டு மேசையில் தெரியவருகிறது: அந்தத் தொழிற்சாலையில் இன்னமும் அமோனியம் குளோரைடு போட்டுக்கொண்டிருக்கிறார்கள். இப்போது அதற்கு அவசியமே இல்லை. ஏன் போடுகிறோம் என்று அங்கே யாருக்கும் தெரியாது.

இதைத் துப்பறியும் கதை என்று சொல்லலாம்; தொழில்நுட்பக் குறிப்பு என்றும் சொல்லலாம். உறைந்த பெயின்ட்டோடு மல்லுக்கட்டிய அதே மாதங்களில்தான் லெவி தன் முகாம் அனுபவ நூலையும் எழுதிக்கொண்டிருந்தார் என்பதால் வாக்குமூலமாகவும் இதைப் படிக்கலாம். என்னை இதில் பிடித்து நிறுத்துவது வேறு. ஒவ்வொரு அடியிலும் லெவி ‘எனக்கு இது எப்படித் தெரியும்’ என்பதைச் சொல்லிக்கொண்டே போகிறார். இது கண்ணால் பார்த்தது, இது காதில் விழுந்தது, இது அட்டையில் படித்தது, இது வெறும் ஊகம். பகுப்பாய்வு செய்யும் வேதியியலாளரின் கைப்பழக்கம் அது. ஒருவருக்குத் தன் வாழ்க்கையைப் பற்றித் தெரிந்திருப்பதெல்லாம் ஒரே தரத்தில் இருப்பதில்லை. நாவல் என்று பெயர் வைத்தால் எல்லாவற்றையும் கற்பனையின் கணக்கில் எழுத வேண்டும். தன்வரலாறு என்றால் எல்லாவற்றையும் உண்மையின் கணக்கில் எழுத வேண்டும். இரண்டிலும் ஏதோ ஒரு பக்கம் பொய் சொல்ல நேரும்.

லெவியின் நூல் வந்த அதே 1975இல் பாரிஸில் பிலிப் லெஜூன் என்ற ஆய்வாளர் ‘சுயசரிதை ஒப்பந்தம்’ என்ற நூலை வெளியிட்டார். சுயசரிதையை நாவலிலிருந்து பிரித்துக் காட்டுவது நடையோ உள்ளடக்கமோ இல்லை, ஆசிரியர் வாசகரோடு செய்துகொள்ளும் உடன்பாடுதான் என்பது அவர் வாதம். அட்டையில் இருக்கும் பெயரும் கதைசொல்லியின் பெயரும் பாத்திரத்தின் பெயரும் ஒன்றுதான் என்று ஆசிரியர் கையெழுத்துப் போடுகிறார். அந்தக் கையெழுத்தை நம்பி நாம் படிக்கிறோம். லெஜூன் கட்டம் போட்டு ஓர் அட்டவணையும் தந்தார். அதில் ஒன்பது கட்டங்கள். இரண்டில் எதுவும் எழுதாமல் விட்டார்; அந்த இரண்டுக்கும் ஏற்ற நூல்கள் இருக்க வழியில்லை என்று எண்ணினார். அப்போது நாவல் எழுதிக்கொண்டிருந்த செர்ஜ் துப்ரோவ்ஸ்கி இதைப் படித்தார்; காலியான ஒரு கட்டத்தை நிரப்ப விரும்பினேன் என்று பின்னர் அவருக்கே கடிதம் எழுதினார். நாயகனுக்கு ஆசிரியரின் பெயர், ஆனால் புத்தகம் நாவல். 1977இல் அந்த நூலின் பின்னட்டையில் அதற்கு அவர் இட்ட பெயர் ‘ஆட்டோஃபிக்‌ஷன்’.

துப்ரோவ்ஸ்கியின் சாகசம் எனக்கு அவ்வளவாக முக்கியமாகப் படவில்லை. காலியிடத்தைப் பார்த்ததும் ஓடிப்போய் உட்கார்ந்த கதைதான் அது. லெஜூன் சொன்ன உடன்பாடுதான் நம் கேள்விக்குக் கைகொடுக்கிறது. இலக்கிய வகை என்பது எப்படி நம்ப வேண்டும் என்று வாசகருக்குத் தரப்படும் முன்னறிவிப்பு. ‘நாவல்’ என்று அட்டையில் பார்த்ததும் நாம் சரிபார்ப்பதை நிறுத்திவிடுகிறோம். ‘நினைவுக் குறிப்புகள்’ என்று பார்த்ததும் சரிபார்க்கும் பொறுப்பை ஆசிரியரிடம் விட்டுவிடுகிறோம். எதிலும் அடங்காத நூல் அந்த முன்னறிவிப்பைத் தருவதில்லை. எந்த அளவுக்கு நம்புவது என்ற கேள்வி பக்கத்துக்குப் பக்கம் நம்மிடம் வருகிறது. அந்த வேலையைச் செய்வதில்தான் சுவை இருக்கிறது. ஆபத்தும் அங்கேதான் இருக்கிறது. லெவியின் நூலிலேயே அதற்குச் சான்று உண்டு.

‘வனேடியம்’ அத்தியாயத்தில் லெவி பெயின்ட் தொழிற்சாலையின் பொறுப்பான அதிகாரி. ஜெர்மனியிலிருந்து வந்த ரெசினைப் போட்டுச் செய்த வார்னிஷ் காயவே மாட்டேன் என்கிறது. புகார்க் கடிதங்கள் போய்வருகின்றன. அங்கிருந்து டாக்டர் முல்லர் என்பவர் ஒரு வழி சொல்கிறார்: 0.1 சதவீதம் வனேடியம் நாஃப்தனேட் சேர்த்துப் பாருங்கள். ஆனால் அவர் எழுதியிருப்பது ‘நாப்தனேட்’. லெவி திடுக்கிடுகிறார். ஆஷ்விட்ஸின் பூனா ரப்பர் ஆலையில், கைதியாக இருந்த தன்னை ஆய்வுக்கூடத்தில் வேலை வாங்கிய முல்லர் என்ற ஜெர்மானியரும் அந்தக் குடும்பத்து வேதிப்பொருள்களை இப்படித்தான் உச்சரிப்பார். வாரத்துக்கு இரண்டு முறை முகச்சவரம் செய்துகொள்ளவும் தோல் செருப்பு வாங்கிக்கொள்ளவும் அனுமதிச்சீட்டு தந்த மனிதர். ஏன் இவ்வளவு கலங்கிப்போயிருக்கிறீர்கள் என்று ஒருநாள் கேட்டவர். அது அவரேதான். வணிகக் கடிதங்களுக்கு இடையே தனிக் கடிதங்கள் போகத் தொடங்குகின்றன. முல்லர் நேரில் சந்திக்க விரும்புகிறார். லெவி தயங்கித் தயங்கிச் சம்மதிக்கிறார். சில நாளில் முல்லர் இறந்த செய்தி வருகிறது.

இந்த அத்தியாயத்தைப் படித்த யாருக்கும் அந்த எழுத்துப்பிழை மறக்காது. கெரோல் ஆஞ்சியர், இயன் தாம்சன் ஆகியோர் எழுதிய லெவியின் வாழ்க்கை வரலாறுகள் காட்டுவது வேறு கதை. அந்த ஜெர்மானியரின் உண்மைப் பெயர் ஃபெர்டினாண்ட் மெயர். அவரோடு தொடர்பு ஏற்பட்டது வார்னிஷ் புகாரால் இல்லை. லெவியோடு கடிதத் தொடர்பு வைத்திருந்த ஹெட்டி ஷ்மிட்-மாஸ் என்ற ஜெர்மானியப் பெண்மணிதான் மெயரைத் தேடிப் பிடித்துக் கொடுத்தார். மெயர் உண்மையில் இருந்தார், கடிதங்கள் உண்மை, சந்திப்பதற்குள் அவர் இறந்ததும் உண்மை. நம்மை உலுக்கிய அந்தத் தற்செயல் மட்டும் லெவி புனைந்தது.

இது எனக்கு உறுத்தத்தான் செய்கிறது. ‘ஈயம்’, ‘பாதரசம்’ கதைகளை நூலில் வேறு எழுத்துருவில் அச்சிட்டிருக்கிறார்கள். இவை இளம் வயதில் எழுதிய கற்பனைகள் என்று முந்தைய அத்தியாயத்தின் முடிவிலேயே லெவி சொல்லிவிடுகிறார். ‘வனேடிய’த்தில் அப்படி எந்த அடையாளமும் இல்லை. இருபத்து மூன்று சொட்டைப் பிடித்த கை இங்கே தன் சொட்டை மறைத்துவிட்டது. லெவியின் பக்கத்திலும் நியாயம் இல்லாமலில்லை. உயிரோடிருக்கும் ஒரு பெண்மணியையும் இறந்தவரின் குடும்பத்தையும் வெளியே காட்டாமல் காக்க வேண்டியிருந்திருக்கலாம். மேலும், வேதியியலாளர் ஒருவர் தன் பழைய முதலாளியை ஒரு வேதிப்பெயரின் பிழையால் அடையாளம் காண்பது அந்த நூலின் உள்தர்க்கத்துக்கு அவ்வளவு பொருந்திவருகிறது. அந்தப் பொருத்தம்தான் சந்தேகத்தைக் கிளப்பியிருக்க வேண்டும் என்றும் இப்போது தோன்றுகிறது.

இதே களத்தில் இன்னொரு நூலைப் பக்கத்தில் வைத்தால் கோடு எங்கே விழுகிறது என்று ஓரளவு தெரியும். 1995இல் பின்யமின் வில்கோமிர்ஸ்கி என்பவரின் ‘துண்டுகள்’ ஜெர்மன் மொழியில் வெளியானது. நாஜி முகாம்களில் கழிந்த மழலைப் பருவத்தின் சிதறிய நினைவுகள். விருதுகள் குவிந்தன. 1998இல் சுவிஸ் பத்திரிகையாளர் டேனியல் கான்ஸ்ஃப்ரீட் அது பொய் என்று எழுதினார். அடுத்து வரலாற்றாய்வாளர் ஸ்டெஃபான் மேக்லர் விரிவாக விசாரித்து உறுதிப்படுத்தினார். ஆசிரியர் சுவிட்சர்லாந்தில் பிறந்து, சூரிச்சில் ஒரு குடும்பத்துக்குத் தத்துப்போன குழந்தை. போர்க்காலத்தில் எந்த முகாமிலும் இருந்ததில்லை. பதிப்பகம் நூலைத் திரும்பப் பெற்றது.

அதை நாவல் என்று வெளியிட்டிருந்தால்? இந்தக் கேள்வியை அப்போது பலர் எழுப்பினார்கள். ஒரு சொல்லைக்கூட மாற்றத் தேவையில்லை, வேறு அலமாரியில் வைத்தால் போதும் என்றார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. அந்த நூலின் சக்தி முழுவதும், ‘இவ்வளவுதான் எனக்கு நினைவிருக்கிறது’ என்ற உறுதிமொழியிலிருந்து வருகிறது. அதை உருவிவிட்டால் மிஞ்சுவது கோவையற்ற, நடுத்தரமான எழுத்து. லெவியிடமிருந்து ‘வனேடிய’த்தின் தற்செயலை எடுத்துவிட்டாலும் முல்லர் நிற்கிறார்: கொலைகாரரும் இல்லை, வீரரும் இல்லை, செய்தது என்ன என்று முழுதாகத் திரும்பிப் பார்க்கத் துணியாத ஒரு படித்த மனிதர். வழியைத்தான் லெவி புனைந்தார், சாட்சியத்தைப் புனையவில்லை.

கெரோல் ஆஞ்சியர் 2002இல் லெவியின் வாழ்க்கை வரலாற்றை வெளியிட்டுவிட்டு அடுத்து எடுத்துக்கொண்டது டபிள்யூ. ஜி. ஸேபால்டை. அந்த நூல் 2021இல் வந்தது. இரண்டு பேரும் எங்கே நழுவினார்கள் என்று ஒரே ஆள் போய்ப் பார்த்தது நமக்கு ஒரு வாய்ப்பு. ஸேபால்டின் ‘குடிபெயர்ந்தவர்கள்’ 1992இல் ஜெர்மன் மொழியில் வந்தது. நான்கு மனிதர்களின் வாழ்க்கை. இடையிடையே விளக்கமில்லாத கறுப்பு வெள்ளைப் படங்கள். அதில் அம்ப்ரோஸ் அடெல்வார்த் என்பவரின் கையெழுத்து நாட்குறிப்பு புகைப்படமாக அச்சாகியிருக்கிறது. அதை எழுதியது ஸேபால்டேதான். ஓவியர் ஃபிராங்க் அவர்பாக்கை ஓரளவு தழுவி அவர் படைத்த பாத்திரத்துக்கு ஜெர்மன் பதிப்பில் ‘அவ்ராக்’ என்று பெயர். ஓவியருக்கு அது பிடிக்காததால் ஆங்கிலத்தில் ‘ஃபெர்பர்’ ஆனது. ஸேபால்டின் வாக்கியம் எப்போதும் ‘என்று அவர் சொன்னதாக இவர் சொன்னார்’ என்றே போகும். நம்பிக்கை கைமாறி வருகிறது என்பதை இலக்கணத்திலேயே காட்டிக்கொண்டிருப்பார். புகைப்படம் அதற்கு நேர்மாறாக, ‘இது நிஜம்’ என்று அடித்துச் சொல்லும். இரண்டுக்கும் நடுவில் வாசகர் திணறுகிறார். சிலருக்கு அந்தத் திணறல்தான் ஸேபால்ட். சிலருக்கு அது ஏமாற்று. நான் நாளுக்கு ஒரு கட்சி.

தமிழில் இந்த விளையாட்டைக் கூர்மையாக ஆடியவர் நாகர்கோவிலில் வாழ்ந்த சுந்தர ராமசாமி. 1981இல் க்ரியா வெளியிட்ட ‘ஜே.ஜே: சில குறிப்புகள்’ ஒரு மலையாள எழுத்தாளரின் வாழ்க்கை வரலாறு போல எழுதப்பட்டது. ஜோசப் ஜேம்ஸ் என்ற அந்த எழுத்தாளர் பிறக்கவே இல்லை. ஆனால் அவர் இறந்த தேதி நூலில் இருக்கிறது: 1960 ஜனவரி 5, ஆல்பெர் காம்யு கார் விபத்தில் இறந்ததற்கு மறுநாள். காம்யு ஜனவரி 4 அன்று இறந்தது யாரும் மறுக்க முடியாத செய்தி. அந்தச் செய்தியைச் சாட்சிக்கு அழைத்து இல்லாத ஒருவரின் மரணத்தைப் பதிவு செய்கிறார் சு.ரா. முதல் பாதியில் பாலு என்ற தமிழ் எழுத்தாளன் ஜே.ஜே.யைப் பற்றித் தேடித் திரட்டியவற்றைச் சொல்கிறான். இரண்டாம் பாதி ஜே.ஜே.யின் நாட்குறிப்புகள். கல்கியின் சிவகாமியும் அவள் சபதமும் நிஜமான தமிழ் உலகிலிருந்து நக்கலாக உள்ளே வந்துபோகிறார்கள்.

இங்கே வகைமயக்கம் அலங்காரத்துக்கு வரவில்லை. தமிழ் இலக்கியச் சூழலை நாவலுக்குள் வைத்து விமர்சித்திருந்தால், எந்தப் பாத்திரம் எந்த எழுத்தாளர் என்று கண்டுபிடிப்பதிலேயே வாசகர்கள் இறங்கியிருப்பார்கள். கட்டுரையாக எழுதியிருந்தால் அது சண்டையில் முடிந்திருக்கும். மலையைத் தாண்டிப் பக்கத்து மொழியில் ஓர் எழுத்தாளரை உருவாக்கி, அவருக்கு வாழ்க்கை வரலாறு என்ற கனமான சட்டையைப் போட்டதால்தான் அவ்வளவு கறாரான கருத்துகளை ஒருவர் வாயில் வைக்க முடிந்தது. அவை சு.ரா.வின் கருத்துகளா, ஜே.ஜே.யின் கருத்துகளா? வழிபாட்டு மனநிலையில் இருக்கும் பாலுவை எவ்வளவு நம்பலாம்? இப்படி ஒரு மனிதரை வேண்டி நிற்கும் சூழலின் ஏக்கம் எவ்வளவு? அந்நூலைப் பற்றி நாற்பது ஆண்டுகளாக நடக்கும் சர்ச்சையில் பாதி, வாசகர்கள் இந்தக் கணக்கை வேறு வேறு விதமாகப் போட்டதால் வந்தது.

அதன் பிறகு, குறிப்பாகத் தொண்ணூறுகளில், ‘நான்-லீனியர்’ என்ற சொல் சிறுபத்திரிகைகளில் புழங்கிய காலத்தில், வரிசையைக் கலைப்பதே நோக்கமாகப் பல நூல்கள் வந்தன. அவற்றில் பெரும்பாலானவற்றை இன்று எடுத்துப் படிக்க முடியவில்லை. கலைப்பதற்கு அவற்றில் காரணம் இல்லை. எதையும் நம்ப வேண்டாம் என்று முதல் பக்கத்திலேயே சொல்லிவிடும் நூல், எல்லாவற்றையும் நம்பச் சொல்லும் நூலைப் போலவே வாசகருக்கு வேலை வைப்பதில்லை.

தமிழின் பழைய இலக்கணம் வடிவங்கள் கலப்பதை அறியாததில்லை. உரைநடை கலந்த பழங்கதைக்குத் தொல்காப்பியத்தின் செய்யுளியல் ‘தொன்மை’ என்று ஓர் இடம் ஒதுக்குகிறது. புதிதாக வருபவற்றுக்கு ‘விருந்து’ என்று இன்னொன்றை ஒதுக்குகிறது. பாட்டும் உரையும் கலந்த சிலப்பதிகாரம் நமக்குத் தடுமாற்றமே இல்லாமல் காப்பியம். வடிவக் கலப்பு இங்கே யாரையும் பதற வைத்ததில்லை. நடந்ததா, நடக்கவில்லையா என்ற கலப்புதான் பதற வைக்கிறது. அந்தக் கவலை, தேதியும் ஆவணமும் சாட்சியும் எழுத்தின் கடமைகளாகிவிட்ட பின்பு வந்தது.

நூலகங்களின் நிலையும் இதேதான். 1876இல் மெல்வில் டூயி வகுத்த முறையில் ஒவ்வொரு நூலுக்கும் முன்பே கட்டிவைத்த ஒரு கூண்டு உண்டு. சீர்காழியில் பிறந்து, 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகர் ஆன எஸ். ஆர். ரங்கநாதன் அதை ஏற்கவில்லை. லண்டனில் படித்தபோது ஒரு கடையில் மெக்கானோ விளையாட்டுப் பெட்டியைப் பார்த்தார்: சில துண்டுகள், அவற்றை மாற்றி மாற்றிப் பூட்டினால் எத்தனையோ பொம்மைகள். நூலுக்கும் இப்படித் துண்டு துண்டாக எண்ணைப் பூட்டலாமே என்று தோன்றியது. 1933இல் வெளிவந்த கோலன் பகுப்புமுறை அதன் விளைவு. அதில் இலக்கிய வடிவங்களுக்கு வரிசையாக எண்கள்: கவிதைக்கு 1, நாடகத்துக்கு 2, கதைக்கு 3. அந்த வரிசையில் சம்புவுக்கும், அதாவது பாட்டும் உரையும் கலந்த வடிவத்துக்கும், 7 என்று ஒரு எண் உண்டு. கலப்பு வடிவத்துக்குத் தனி இருக்கை போட்ட நூலகர் அவர்.

ஆனாலும் ஆள், பொருள், வினை, இடம், காலம் என்று அவர் வகுத்த ஐந்து முகங்களில், சொல்லப்படுவதை எவ்வளவு நம்பலாம் என்பதற்கு ஒரு முகம் இல்லை. இருந்திருந்தாலும் ‘தனிம அட்டவணை’யின் முதுகில் ஒட்டிய எண் ஓரிடத்தில் நிற்காது. ‘ஈய’த்துக்கு ஒன்று, ‘குரோமிய’த்துக்கு ஒன்று, ‘வனேடிய’த்துக்கு 2002க்கு முன் ஒன்று, பின் ஒன்று என்று நூலகர் அதைக் கிழித்துக் கிழித்து ஒட்டிக்கொண்டே இருந்திருப்பார்.